கானாவில் 18 மாதம்: மூத்த தம்பதியர் ஊழியத்தை மகிழ்ச்சியோடு செய்து முடிக்க ஒரு முழு வழிகாட்டி

1989 ஜூன் 14 அன்று கானா அரசு, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைத் தடை செய்தது. மார்மன் சபை என்றால் நம்மூரில் சட்டென்று புரியும். வெளிநாட்டு மிஷனரிகள் மூட்டை கட்டினார்கள், ஆலயங்கள் பூட்டப்பட்டன. 1990 இறுதியில் தடை நீங்கும்வரை உள்ளூர் மக்கள் வீட்டு முன்னறைகளில் கூடி ஆராதனை நடத்தினார்கள். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 18 மாதம். இன்று அமெரிக்காவிலிருந்து பணி ஓய்வு பெற்று கானாவுக்கு ஊழியத்துக்கு வரும் தம்பதியர் பலர் தங்குவதும் அதே 18 மாதம்தான்.

இந்த ஒற்றுமையை முதலிலேயே மனத்தில் பதியவைப்பது நல்லது. ஒரு வெளிநாட்டு மிஷனரிகூட இல்லாமல் 18 மாதம் நின்ற சபைக்குத்தான் நீங்கள் போகிறீர்கள். அங்கே யாரும் உங்களை நம்பிக் காத்திருக்கவில்லை. 1978 நவம்பரில் முதன்முதலாக மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்ட ரெண்டல்-ரேச்சல் மேபி, எட்வின்-ஜேனத் கேனன் ஆகிய இரண்டு மூத்த தம்பதியரின் நிலையும் இதுதான். கேப் கோஸ்ட் ஊரில் ஜோசப் வில்லியம் பில்லி ஜான்சன் என்பவர் 1964 முதலே மக்களைக் கூட்டிச் சபை நடத்திவந்தார். விதைத்தது யாரோ, இவர்கள் போனது அறுப்புக்கு.

“நான் இல்லாவிட்டாலும் நடக்கும் வேலைக்கு ஒரு கை கொடுக்க வந்திருக்கிறேன்” என்று வருபவர்களுக்கு நாட்கள் இனிமையாகப் போகின்றன. அலுவலகத்தில் முப்பது வருடம் முடிவெடுத்துப் பழகி, அதே தோரணையில் வந்து இறங்குபவர்களுக்கு இரண்டாம் மாதமே கசந்துவிடுகிறது. கீழே உள்ள படிகள் இந்த வேறுபாட்டை நடைமுறையில் எப்படிக் கையாள்வது என்பதற்கானவை.

விண்ணப்பத்துக்கு முன்: நாட்டை விட வேலை முக்கியம்

ஆயரைச் சந்திப்பது, மருத்துவ, பல் பரிசோதனைப் படிவங்கள், விருப்பப் பட்டியல் என்று நடைமுறை நேரானது. சபையின் ஊழிய அழைப்பு எந்த ஊருக்கு வரும் என்பது உங்கள் கையில் இல்லை என்றாலும், விருப்பத்தைத் தெரிவிக்க இடம் உண்டு. பலர் அந்த இடத்தில் நாட்டின் பெயரை எழுதுகிறார்கள். வேலையின் வகையை யோசித்து எழுதுவதுதான் புத்திசாலித்தனம்.

மிஷன் அலுவலகக் கணக்கு, இளம் மிஷனரிகளின் வீடுகளைப் பராமரிப்பது, உள்ளூர்த் தலைவர்களுக்குத் துணை, மனிதநேய உதவி, கல்வி, சுயசார்பு வகுப்புகள், குடும்ப வரலாறு, ஆலயப் பணி என்று வகைகள் பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் எப்படிக் கழியும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அலுவலகப் பணியில் எட்டு மணி நேரம் கணினி முன் உட்காரவேண்டும்; மக்களைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றுகூட ஆகலாம். கிராமத்துக் கிளைகளுக்குத் துணைபுரியும் பணியில் மக்கள் நிறைய, ஒழுங்கான அட்டவணை குறைவு. கூச்ச சுபாவம் உள்ளவர் இரண்டாவதிலும், வாயாடி முதலாவதிலும் மாட்டிக்கொண்டால் இருவருக்கும் சிறைதான்.

கணவனும் மனைவியும் தனித்தனியே ஒரு தாளில் மூன்று விஷயங்கள் எழுதுங்கள்: எந்த வேலை செய்தால் நேரம் போவதே தெரியாது, எதைச் சகிக்கமாட்டேன், எது நடந்தால் ஊர் திரும்புவேன். பிறகு மாற்றிப் படியுங்கள். ‘அவருக்கு ஆசை, நான் கூடப் போகிறேன்’ என்ற நிலை இந்தத் தாளில் வெளிப்பட்டுவிடும். அது விமான நிலையத்தில் வெளிப்படுவதைவிட மேல்.

பணம்: 2011 செப்டம்பர் 1 முதல், சொந்த நாட்டுக்கு வெளியே ஊழியம் செய்யும் தம்பதியரின் வீட்டுச் செலவுக்கு மாதம் 1,400 டாலர் என்ற உச்சவரம்பு வந்தது. வாடகை, மின்சாரம், தண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். அதற்கு மேல் போனால் சபை நிதி பார்த்துக்கொள்ளும். உணவு, மருந்து, சொந்தச் செலவு தனி. அதே அறிவிப்பில் 6, 12 மாதம் போன்ற குறுகிய காலங்களுக்கும் வழி பிறந்தது. ஆனால் 18 மாதத்துக்குக் குறைந்தால் வெளிநாட்டுப் பயணச்சீட்டு உங்கள் கணக்கில். விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் இருக்கும் தொகையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் பூட்டிக்கிடக்கும் வீட்டின் வரி, காப்பீடு, கூரை ஒழுகினால் யார் பார்ப்பார் என்பதையும் எழுதிவையுங்கள். நள்ளிரவில் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தக் கூரைதான்.

உடம்பு: மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்

கானாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். ஊசி போட்ட 10 நாள் கழித்தே சான்று செல்லுபடியாகும். 60 வயதைத் தாண்டி முதன்முறையாக இந்த ஊசி போடுபவர்களுக்கு, அரிதானதென்றாலும் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு இளையவர்களைவிட அதிகம். எனவே கடைசி வாரத்தில் எங்கோ ஒரு கிளினிக்கில் போட்டுக்கொள்ளாமல், உங்கள் உடல்நிலை தெரிந்த மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள்.

மலேரியாத் தடுப்பு மாத்திரை அடுத்தது. மூன்று வகை வழக்கத்தில் உள்ளன.

- அடோவாகுவோன்-புரோகுவானில்: தினமும் ஒன்று, சாப்பாட்டோடு அல்லது பாலோடு. போவதற்கு 1-2 நாள் முன் தொடங்கி, திரும்பிய பின் 7 நாள் வரை.
- டாக்சிசைக்ளின்: தினமும் ஒன்று. திரும்பிய பின் 4 வாரம். ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கவேண்டும். விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோல் சீக்கிரம் கன்றிப்போகும்.
- மெஃப்லோகுவின்: வாரம் ஒன்று. குறைந்தது 2 வாரம் முன்பே தொடங்கவேண்டும், திரும்பிய பின் 4 வாரம். மனச்சோர்வோ பதற்ற நோயோ இருந்தவர்கள் இதைத் தொடக்கூடாது.

கடைசி வரியை மீண்டும் படியுங்கள். ‘ஊழியத்தில் மனம் ஒட்டவில்லை, கெட்ட கனவாக வருகிறது’ என்று தவிப்பவருக்கு ஜெபக் குறைவுதான் காரணம் என்று முடிவுகட்டும் முன், அவர் என்ன மாத்திரை விழுங்குகிறார் என்று கேட்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு முதல் இரண்டு மருந்துகளும் ரத்தம் உறையும் அளவைப் பாதிக்கலாம். மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

வழக்கமான மருந்துகளை அசல் டப்பாவிலேயே, மருந்தின் பொதுப்பெயர் எழுதிய சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். அமெரிக்காவில் அசிடமினோஃபென் என்று கேட்டுப் பழகியவர் அக்ராவில் பாராசிட்டமால் என்று கேட்கவேண்டும்; மூச்சிரைப்பு மருந்தான அல்பியூட்ரால் அங்கே சால்பியூட்டமால். டிராமடால் வலி மாத்திரைக்கு கானாவில் கெடுபிடி அதிகம். டப்பாவும் சீட்டும் இல்லாமல் எடுத்துப்போய் வம்பை விலைக்கு வாங்காதீர்கள். அமெரிக்க முதியோரின் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பொதுவாக நாட்டுக்கு வெளியே செல்லாது. தனி மருத்துவக் காப்பீடு இல்லாமல் கிளம்பக்கூடாது.

பெட்டி: எது எரியும், எது எரியாது

கானாவில் 230 வோல்ட். பிளக், பிரிட்டனில் உள்ளது போல மூன்று தட்டைக் கால். பிளக்கை மாற்றும் அடாப்டர் மின்னழுத்தத்தை மாற்றாது. இது தெரியாமல் 120 வோல்ட் இஸ்திரிப் பெட்டியைச் செருகிப் புகை பார்த்தவர்கள் ஏராளம். சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் 100-240 என்று இருந்தால் கவலையில்லை. 120 என்று மட்டும் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

தூக்கத்தில் மூச்சுத் தடைக்குச் சிபாப் கருவி வைத்திருப்பவர்கள் பேட்டரியும் கொண்டுபோகவேண்டும். மின்சாரம் போவதும் வருவதுமாக இருப்பதற்கு அந்த ஊரில் ‘டும்சோர்’ என்று ஒரு பெயரே உண்டு. லித்தியம் பேட்டரி கைப்பையில் மட்டும். 100 வாட்-மணி வரை தடையில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. கருவியின் ஈரப்பத வெப்பத்தை அணைத்துவைத்தால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும்.

துணி குறைவாக. தையல்காரர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்; அங்கே தைத்துப் போடும் சட்டைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும் வரவேற்பே வேறு. இரண்டாவது மூக்குக்கண்ணாடி மட்டும் மறக்கவேண்டாம்.

முதல் இரண்டு வாரம்: வேலையைத் தொடாதீர்கள்

வந்த மறுநாளே கோப்பைத் திறப்பவர்கள்தான் முதலில் துவண்டுபோகிறார்கள். முதல் பதினான்கு நாள் நான்கு விஷயங்களுக்கு மட்டும்: தண்ணீர், வழி, சாப்பாடு, வணக்கம்.

தண்ணீர்: குழாய்த் தண்ணீரை வடிகட்டிக் குடியுங்கள். வெளியில் 500 மில்லி பிளாஸ்டிக் பொட்டலத்தில் விற்கும் தண்ணீரை எல்லோரும் மூலையைக் கடித்து உறிஞ்சுவார்கள். முத்திரை உள்ளதை வாங்கி, மூலையைத் துடைத்த பிறகு கடியுங்கள். வழி: சந்தை, மருத்துவமனை, ஆலயம் மூன்றுக்கும் பகலில் இரண்டு முறை போய்வாருங்கள். இருட்டிய பின் நெடுஞ்சாலையில் ஓட்டுவதில்லை என்று இருவரும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். விளக்கில்லாத லாரியும், குறுக்கே வரும் ஆடும், திடீரென நிற்கும் ட்ரோ-ட்ரோ என்னும் பயணிகள் வேனும் உங்கள் அனுபவத்துக்குக் கட்டுப்படுபவை அல்ல.

சாப்பாட்டில் தமிழருக்கு ஒரு சலுகை இருக்கிறது. மரவள்ளியும் வாழையும் இடித்துச் செய்யும் ஃபூஃபூவைக் குழம்பில் தோய்த்து, வலது கையால் உருட்டி, மெல்லாமல் விழுங்கவேண்டும். களி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் கற்றுத்தரவேண்டாம். முள்கரண்டி கேட்கும் அமெரிக்கருக்குத்தான் பாடு.

வணக்கம்தான் இந்த இரண்டு வாரத்தின் பெரிய பாடம். கானாவில் வணக்கம் சொல்லாமல் விஷயத்துக்கு வருவது முகத்தில் அடித்தாற்போல. அங்கே பேசும் ட்வி மொழியில் காலையில் ‘மாச்சே’, மதியம் ‘மாஹா’, மாலையில் ‘மாஜோ’, நன்றிக்கு ‘மெதாசே’. அறையில் பலர் இருந்தால் வலப்பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொருவருக்கும் கை கொடுங்கள். கொடுப்பது, வாங்குவது, கையசைப்பது எல்லாமே வலது கை. இடது கை நீட்டினால் நம்மூர்ப் பாட்டி முறைப்பதுபோலவே அங்கும் முறைப்பார்கள்.

அப்படியே உங்கள் கிழமைப் பெயரைக் கண்டுபிடித்துவிடுங்கள். அகான் மக்கள் பிறந்த கிழமையைப் பெயராக வைப்பார்கள். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, ஐ.நா. தலைமைச் செயலராக இருந்த கோஃபி அன்னான் அப்படித்தான். சனிக்கிழமை என்றால் ஆணுக்கு க்வாமே, பெண்ணுக்கு அமா. ஞாயிறு என்றால் க்வாசி, அகோசுவா. திங்களுக்கு கோஜோ, அஜுவா. செவ்வாய்க்கு க்வாபெனா, அபெனா. புதனுக்கு க்வாகு, அகுவா. வியாழனுக்கு யாவ், யா. வெள்ளிக்கிழமைப் பெண் அஃபியா அல்லது எஃபுவா. ‘நான் யா’ என்று ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி சந்தையில் சொன்னால் தக்காளி விற்பவர் சிரித்துக்கொண்டே இரண்டு தக்காளி கூடுதலாகப் போடுவார்.

வேலை: அளவைச் சுருக்குங்கள்

மூன்றாம் வாரம், அந்தப் பகுதி ஊழியத்துக்குப் பொறுப்பான மிஷன் தலைவரிடம் ஒரு பக்கத் தாளோடு போங்கள். அதில் மூன்று கேள்வி: எங்கள் வேலை என்ன, எது எங்கள் வேலை இல்லை, நாங்கள் போன பிறகு இதை யார் செய்வார்? மூன்றாவதற்கு ஓர் உள்ளூர்ப் பெயர் கிடைக்கும்வரை எதையும் புதிதாகத் தொடங்காதீர்கள். பெயர் இல்லாத திட்டம் நீங்கள் விமானம் ஏறிய அன்றே படுத்துவிடும். படுக்கப்போகிறது என்று உள்ளுக்குள் தெரிந்தே உழைப்பதைப் போலச் சோர்வு தருவது வேறெதுவும் இல்லை.

ஒரு சின்ன நோட்டில் பன்னிரண்டு பெயர்களுக்கு மேல் எழுதாதீர்கள். கீபோர்டு கற்றுக்கொள்ளும் பையன், கணக்கு எழுதத் திணறும் எழுத்தர், கணவரைப் பறிகொடுத்த பெண்மணி. வாரம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் புரட்டி யாரைப் பார்த்தோம் என்று குறியுங்கள். எண்ணிக்கை அறிக்கைகளை மேலே அனுப்பவேண்டியிருக்கும், அனுப்புங்கள். உங்கள் வாரத்தை அளக்க நோட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

இளம் மிஷனரிகளின் வீட்டுச் சோதனையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பலருக்கு இது வேண்டா வெறுப்பான வேலை. சரியாகச் செய்தால் வாரத்தின் நல்ல நாள் இதுதான். முதல் நாளே தகவல் சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தோடு போங்கள். 19 வயதுப் பையன்கள் நாலுபேர் இருக்கும் வீட்டில் பாத்திரம் முதலில், பட்டியல் பிறகு.

பட்டியல் இது. கொசுவலையை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பாருங்கள். விரல் நுழையும் ஓட்டை இருந்தால் அங்கேயே ஊசி நூலால் தைத்துவிடுங்கள். வலையின் ஓரம் மெத்தைக்கு அடியில் செருகப்பட்டிருக்கவேண்டும். தரையில் தொங்கும் வலையால் பயனில்லை, ஏனென்றால் மலேரியா பரப்பும் அனோஃபிலிஸ் கடிப்பது அந்தி முதல் விடியல் வரை, அவர்கள் தூங்கும் நேரத்தில். தண்ணீர் வடிகட்டிக்குள் இருக்கும் பீங்கான் உருளையை (கேண்டில்) கழற்றி, ஓடும் நீரில் மென்மையான பிரஷால் தேயுங்கள். சோப்பு கூடாது, அதன் வாடை துளைகளில் தங்கிவிடும். மயிரிழை விரிசல் இருந்தாலும் மாற்றிவிடவேண்டும், அழுக்குத் தண்ணீர் அந்த வழியே நேராக இறங்கும். கேஸ் குழாய் இணைப்பில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. பிறகு உட்கார்ந்து, வீட்டிலிருந்து எப்போது கடிதம் வந்தது என்று கேளுங்கள். எவன் பேச்சை மாற்றுகிறானோ அவன் பெயர் உங்கள் நோட்டில் ஏறவேண்டும்.

பணம் கேட்கும்போது

மகிழ்ச்சியைச் சத்தமில்லாமல் அரித்துத் தின்பது இதுதான். பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, தொழில் தொடங்க முதல். கேட்பவரின் தேவை பெரும்பாலும் உண்மையானது. ஒருவருக்குக் கொடுத்தீர்கள் என்றால் அடுத்த ஞாயிறு பத்துப்பேர் நிற்பார்கள். கொடுக்காதவர்கள் முகம் திருப்புவார்கள். பன்னிரண்டு பேரோடு இருந்த உறவு கடன்காரன் உறவாகிவிடும். உங்களுக்குப் பின் வரும் தம்பதிக்கும் அது தலைவலி.

முதல் நாளே இருவரும் ஒரே பதிலைத் தயார்செய்யுங்கள்: “நாங்கள் தனியாகப் பணம் கொடுப்பதில்லை. வாருங்கள், ஆயரிடம் நானும் கூட வருகிறேன்.” சபையின் உபவாசக் காணிக்கை, அதாவது ஏழைகளுக்கு உதவ உறுப்பினர்கள் தரும் பணம், ஆயர் வழியாகத்தான் போகிறது, யாருக்கு எவ்வளவு தேவை என்பது அவருக்கே தெரியும். கூட நடந்து போவதுதான் இதில் முக்கியம். வெறும் மறுப்பு உறவை முறிக்கும்.

இருபத்துநாலு மணி நேரமும் ஒரே கூரையடியில்

நாற்பது வருடம் பகலில் பிரிந்திருந்தே வாழ்ந்த தம்பதி திடீரென ஒரே மேசை, ஒரே கார், ஒரே குளியலறை. இளம் மிஷனரிகளுக்கான கடிகாரம் உங்களுக்குக் கிடையாது; அவர்களுடைய நேரக் கட்டுப்பாட்டை மூத்தவர்களிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. அந்தச் சலுகையைப் பயன்படுத்துங்கள். காலையில் ஒரு மணி நேரம் ஒருவர் வராந்தாவில், மற்றவர் உள்ளே. மதியத் தூக்கத்துக்கு வெட்கப்படவேண்டாம்.

கவனிக்கவேண்டியது இன்னொன்று. பல அழைப்புகளில் ஒருவருக்கு மட்டும் பெயருள்ள வேலை இருக்கும், மற்றவர் ‘துணை’. பெரும்பாலும் மனைவிதான். ஆறு வாரத்துக்குள் அவருக்கென்று தனி வேலை அமையாவிட்டால் வீடு கனக்கும். எழுத்தறிவு வகுப்பு, கீபோர்டு, பாடக்குழு, முதியவர்களின் வாய்வழி வம்சாவளியைப் பதிவு செய்வோருக்குத் துணை என்று எதையாவது அவர் பெயரிலேயே கேட்டு வாங்குங்கள்.

பேரப்பிள்ளைகள்

கானா ஆண்டு முழுக்க கிரீன்விச் நேரத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் இந்தச் சபையினர் நிறைந்த யூட்டா மாநிலம் கோடையில் 6 மணி நேரம், குளிர்காலத்தில் 7 மணி நேரம் பின்னால். அக்ராவில் ஞாயிறு இரவு 7 என்றால் அங்கே மதியம் 1 அல்லது 12. கிழமையும் நேரமும் மாறாமல் இருக்கட்டும். ‘நேரம் கிடைக்கும்போது’ என்று வைத்தால் மூன்றாம் மாதம் நின்றுவிடும். ஐந்து வயதுக் குழந்தை பத்து நிமிடத்துக்கு மேல் திரையில் நிற்காது. கதைப் புத்தகத்தின் ஒரே பதிப்பை இரண்டு வீட்டிலும் வைத்து வாரம் நாலு பக்கம் படியுங்கள், தானாக வந்து உட்காரும்.

நெருங்கிய குடும்பத் தேவைக்குச் சொந்தச் செலவில் சில நாள் வீடு சென்றுவர அனுமதி கேட்கலாம். எதற்குப் போவோம், எதற்குப் போகமாட்டோம் என்பதைக் கிளம்பும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். போகாத திருமணத்தைவிட, ‘வருவார்களா மாட்டார்களா’ என்ற இழுபறிதான் மனக்கசப்பாக மிஞ்சும்.

சோர்வு பிடித்தால்

ஹார்மட்டான் காற்று வீசும் டிசம்பர், ஜனவரியில் வானம் புழுதியால் மங்கி, தொண்டை காய்ந்து, பண்டிகைக் காலத்தில் பிள்ளைகளும் பக்கத்தில் இல்லாமல் பலர் தளர்ந்துபோவார்கள். அதை எதிர்பார்த்து அந்த மாதங்களில் ஒரு சின்னப் பயணத்தைத் திட்டமிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, நோட்டிலிருக்கும் ஒருவரைக்கூடப் பார்க்க மனம் வராவிட்டால் மிஷன் தலைவரிடமும் மருத்துவரிடமும் சொல்லவேண்டும். முன்கூட்டியே ஊர் திரும்புவது தோல்விக் கணக்கில் சேராது. 9 மாதம் ஒழுங்காக உழைத்துத் திரும்பியவர், 18 மாதம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவரைவிட அதிகம் கொடுத்திருப்பார்.

கடைசி ஆறு வாரம்

மிஷன் தலைவரிடம் கொண்டுபோன தாளின் மூன்றாவது பதிலை எடுங்கள். அந்த உள்ளூர்க்காரர் இப்போது ஓட்டுநர் இருக்கையில், நீங்கள் பக்கத்து இருக்கையில். கடைசி மூன்று வாரம் எழுத்தர் கணக்கை முடிக்கும்போது அறைக்கு வெளியே உட்காருங்கள். தப்பு செய்வார், நீங்கள் இருக்கும்போதே செய்யட்டும். பன்னிரண்டு பேரையும் வீட்டுக்குப் போய்ப் பார்த்து விடைபெறுங்கள், ஆலயத்தில் மொத்தமாக முடித்துவிடாதீர்கள். ஊருக்குப் போனபின் எத்தனை நாளைக்கொருமுறை பேசுவீர்கள் என்பதைக் குறைத்தே சொல்லுங்கள்.

பெட்டியில் சட்டைக்கு இடமில்லை என்றாலும் மலேரியா மாத்திரைக்கு இடம் வேண்டும். அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் வீடு திரும்பிய பின் 7 நாள், மற்றவை 4 வாரம். பேரன் கழுத்தைக் கட்டிக்கொண்ட மறுநாள் காலை மறந்துபோவது இதுதான். அடுத்த ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்கும் முன்பே கானாவிலிருந்து வந்ததைச் சொல்லிவிடுங்கள்.